காட்சிக்கு இடையூறான நான்கு கிளைகள்

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள், சீட்டு முழுக்க வெள்ளைப் பூச்சு. மேலே கொக்குகள். பக்கத்து வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "இந்த மரத்தயே வெட்டித் தொலைக்கணுங்க" என்றார். அவர் வண்டியின் பின்புறம் 'இயற்கையைக் காப்போம்' என்று ஒரு ஸ்டிக்கர். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்கில்லை. கர்சீப்பால் துடைக்கும்போது வந்தது பாருங்கள் ஒரு நாற்றம், மீனும் சேறும் சுண்ணாம்பும் கலந்து, அது என்னை நேராகக் கொண்டுபோய் சரோஜாக்காவின் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

அரியலூரிலிருந்து திருமழபாடி போகிற பக்கம், ஏரியை ஒட்டிய சின்ன ஊர் அது. பெயரைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் முகப்பில் பெரிய புளியமரம், அதனடியில் அக்காவின் கடை. ஐப்பசி மழை பிடித்ததும் நத்தைகுத்தி நாரைகள் வந்து அந்த மரத்தில் கூடு கட்டும். பங்குனிக்குள் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். அதுவரை ஊரே அடக்கி வாசிக்கும். தீபாவளி வெடியெல்லாம் ஊருக்கு மேற்கே, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில்தான். சாவு விழுந்தால்கூட மரத்தைத் தாண்டிய பிறகுதான் பறை அடிப்பார்கள். அதற்காக எந்தப் பிணமும் கோபித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்ததாகத் தகவல் இல்லை. கடையில் டீ குடிப்பவர்கள் ஒரு வாய் குடித்ததும் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். மூட மறந்தவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். முதல் நாள் நான் மறந்தேன்.

அப்போது அரியலூரில் ஓர் ஆபீஸில் தற்காலிக வேலையில் இருந்தேன். பொதுமக்களிடம் பறவை நேசத்தை வளர்ப்பது என் வேலை. கொக்கையும் நாரையையும் ஒரே பெயரில் நோட்டில் எழுதி வைத்திருந்த ஆளுக்கு இப்படியொரு வேலை! முதல் கூட்டத்தில் ஊரைக் கூட்டி, வலது கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்தேன். "இன்று முதல் பறவைகளை நேசிப்பேன்" என்று நான் சொல்ல, பாவம், அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். முடிந்ததும் ஆறுமுகம் என்கிற விவசாயி எழுந்து பணிவாகக் கேட்டார்.

"இன்னியிலேர்ந்துன்னு சொல்றீங்களே சார், நேத்து வரைக்கும் நாங்க என்னா பண்ணிக்கிட்டு இருந்தோம்?"

'மக்கள் ஆர்வத்துடன் கேள்வி கேட்டனர்' என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

என் அதிகாரிக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துப்போனது. நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த நல்ல காரியமும் மேடை போட்டு மைக் வைத்தால்தான் நடந்ததாக அர்த்தம் என்று நினைப்பவர். தை மாதத்தில் பறவை நேசர் விழா, மேலிடத்திலிருந்து ஒரு விருந்தினர், ஊருக்குக் கேடயம் என்று எல்லாம் முடிவாயிற்று. இடம் பார்க்க வந்த அதிகாரி, மேடை வரப்போகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா, ஒரே எலையா இருக்கு? கூடே தெரியலையே. போட்டோவுல என்னத்த காட்டுறது?"

கூடு இல்லாத நான்கு கிளைகளை மட்டும் கழித்துவிட்டால் போதும் என்றார். 'காட்சிக்கு இடையூறான கிளைகள்' என்று குறிப்பு எழுதியவன் நான்தான். அந்த வார்த்தைக்காக அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அக்காவிடம் பேசும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

"கூடு இல்லாத கெளைதான் தம்பி. ஆனா அதான் அதுங்களுக்குக் கூரை. குஞ்செல்லாம் இன்னும் முடி மொளைக்காம கெடக்கு. வெயிலு தாங்காதுங்க" என்றார்.

"நாலே நாலு கெளைதானேக்கா. ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"என்னை நம்பலையா நீங்க?"

நம்பினார். ஆறு மாதமாகத் தன் கடையில் டீ குடிக்கிற பிள்ளை பொய் சொல்லாது என்று நம்பினார். முறைத்துக்கொண்டு நின்ற ஆறுமுகத்தையும் ஊரையும் அவரே சமாதானப்படுத்தினார். மறுநாள் ரம்பத்தோடு ஆள் ஏறினான்.

ரம்பச் சத்தத்துக்கு எழும்பிய நாரைகளில் பாதி திரும்பவில்லை. மறைப்பு போனதும் காக்காய்களுக்கும் பருந்துகளுக்கும் கூடுகள் இலையில் பரிமாறிய சாப்பாடாகத் தெரிந்தன. வெயிலில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. விழா அன்று மேடையில் ஒருவர் சிறகுகளின் சுதந்திரம் பற்றி முழங்கிக்கொண்டிருக்க, மேடைக்குப் பின்னால் பெண்கள் குஞ்சுகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகம் ஏரியில் இறங்கி நத்தை பொறுக்கி வந்தார். சரோஜாக்கா உடைத்து உடைத்து ஊட்டினார். முக்கால்வாசி விழுங்கவில்லை. விருந்தினர் ஆசையாக அக்காவின் கூடையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, இரு கையிலும் ஏந்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். படம் பேப்பரில் அழகாக வந்தது. குஞ்சு ஏற்கெனவே செத்திருந்தது படத்தில் தெரியவில்லை.

கேடயம் வாங்க அக்காவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. நானே வாங்கிக்கொண்டுபோய்க் கடையில் வைத்தேன். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஒரு டீ போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி கூடைப் பக்கம் போய்விட்டார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

அடுத்த ஐப்பசியில் நாரைகள் மரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டன. பறவைகள் ஏன் வரவில்லை என்று எங்கள் ஆபீஸ் ஒரு கருத்தரங்கம் நடத்தியது. வரவேற்புரை அடியேன். அதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்கழியில் மனசு கேட்காமல் அந்த ஊரில் இறங்கினேன். முன்பெல்லாம் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினாலே போதும், முன்பின் தெரியாதவனைக்கூடக் கையைப் பிடித்து இழுத்துப்போய், "அந்தா பாருங்க, மூணு குஞ்சு" என்று சொந்தப் பிள்ளை மாதிரி காட்டுவார்கள். அன்று யாரும் கையைப் பிடிக்கவில்லை. புளியமரம் காலியாக நின்றது. அக்காவின் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"பறவையெல்லாம் அப்புறம் வரவே இல்லையாக்கா?" என்றேன்.

"பறவையா? எங்கூர்ல ஏது சார் பறவை?" என்றார் சரோஜாக்கா.

அப்போது ஏரிக்கு அக்கரையில் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து டக் டக் டக்கென்று ஒரு சத்தம். கூட்டில் ஜோடி சேர்ந்த நாரைகள் அலகைத் தட்டுகிற சத்தம் அது. ஒன்றிரண்டு இல்லை, காடு முழுக்கக் கேட்டது. கடையில் இருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

ஆறுமுகம் மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "யாரோ வெறகு ஒடைக்கிறாங்க சார்" என்றார்.

"ஆமாங்க, வெறகுதான்" என்று சொல்லிவிட்டு, அக்கரைப் பக்கம் திரும்பாமல் போய் பஸ்ஸுக்கு நின்றேன்.