சீட்டுக்கட்டுக்குச் சாம்பிராணி

கல்கத்தாவில் என்னை முதலில் கவிழ்த்தது கர்ப்பூரம்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி வந்து சால்ட் லேக் குடியிருப்பில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டாலிகஞ்சுக்குப் பஸ் ஏறிவிடுவேன். அங்கே ஒரு வீட்டு மாடியில் மேஜிக் பிரியர்கள் கூடுவார்கள். மேடை மேஜிக் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் வித்தைக்காரர், அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் நடக்கும். குளிர்காலத்தில் குழு ஒரு நிகழ்ச்சி நடத்தும். அதற்கு முன் வைக்கும் தேர்வில் ஜெயித்தவர்களுக்கு மேஜை கிடைக்கும். மற்றவர்கள் வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டும். நான் வந்ததிலிருந்து டிக்கெட்தான் கிழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாற்றல் உத்தரவு வருவதற்குள் எனக்கு ஒரு மேஜை வேண்டும். அதற்குமேல் ஆசை எதுவும் இல்லை.

விரல் வேகத்தில் அந்த மாடியில் எல்லோரும் என்னை மிஞ்சியவர்கள். அதனால் நான் மூக்கின் பக்கம் போனேன். வித்தைக்காரனின் கையைப் பார்வையாளரின் கண் காவல் காக்கும். மூக்கைப் பற்றி யாரும் உஷாராக இருப்பதில்லை. ஒருவர் மனதுக்குள் ஓர் இடத்தை நினைக்க வேண்டும், அவருடைய வெறும் கையிலேயே அந்த இடத்தின் வாசனை வர வேண்டும். இதுதான் திட்டம்.

தேர்வன்று எதிரே உட்கார்ந்த அம்மாளிடம், "ஒரு கோயிலை நினைச்சுக்கோங்க" என்றேன். கர்ப்பூரம் தேய்த்த என் விரலால் அவர் உள்ளங்கையை லேசாகத் தொட்டேன். "இப்போ முகர்ந்து பாருங்க."

முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஆமா! எங்க வீட்டு ரஜாய்ப் பெட்டி!"

மாடியே சிரித்தது. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்தும் மாதம் அது. ஊர் முழுக்கப் பூச்சி உருண்டை வாசனை. "என்ன தாதா, உங்க ஊர்ல சாமி ரஜாய்க்குள்ளயா தூங்கறார்?" என்று ஒருவர் கேட்டார். தாதா என்றால் அங்கே அண்ணன். குழுவின் தலைவர், மேடையில் பல வருடம் வித்தை காட்டி ஓய்ந்தவர், சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அந்தக் குளிர்காலமும் டிக்கெட் கிழித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் தப்பு ஓரளவு புரிந்தது. கர்ப்பூரம் என் மூக்குக்குத்தான் கோயில். இவர்களுடைய மூக்குக்கு எது கோயில்? அதற்கு விடை அடுத்த துர்கா பூஜையின்போது தானாக வந்தது.

எங்கள் பிளாக் பந்தலில் அஷ்டமி சாயங்காலம். எனக்குப் பக்கத்தில் மாடி வீட்டு பௌதி. பௌதி என்றால் அண்ணி. அங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் நமக்கு அண்ணிதான். இலிஷ் மீன் விற்கிற விலையைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தார். அப்போது துனுச்சியை எங்களைக் கடந்து எடுத்துப் போனார்கள். தேங்காய் நாரை எரித்து, அதன்மேல் துனோ என்கிற குங்கிலியத்தைத் தூவிப் புகைய விடும் மண்சட்டி அது. புகை எங்கள்மேல் வந்தது. பௌதி பாதியில் நிறுத்தி, "எங்க அப்பா என்னைத் தோள்ல தூக்கி வெச்சுப்பார், தெரியுமா?" என்றார். மீன் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அவர் புகையைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

என் இன்னொரு தப்பு அப்போதுதான் பிடிபட்டது. நான் முதலில் நினைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு வாசனையைக் கொடுத்திருந்தேன். வாசனை முன்னால் போக வேண்டும். அது போய் நினைப்பை இழுத்துக்கொண்டு வரும். நினைத்தவர் தானாகவே நினைத்ததாக நம்புவார்.

மறுவாரம் பால்கனியில் துனோ புகைய விட்டு, சீட்டுகளை விசிறிபோல விரித்து அதன்மேல் காட்டினேன். காப்பி தம்ளரோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவள் திருநெல்வேலிக்காரி.

"என்ன செய்யுதீங்க? சீட்டுக்கட்டுக்குச் சாம்பிராணி போடுதீங்களோ?"

"ஆமா."

"தலைக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா அதுக்கு? தொட்டில் கட்டட்டுமா?"

முதல் கட்டு கெட்டுப்போனது. பெட்டியைத் திறந்ததுமே மணம் ஆளைத் தூக்கியது. அடுத்ததற்குப் புகையைக் குறைத்து, காற்றாட வைத்தேன். கட்டு சும்மா இருக்கும்போது எதுவும் தெரியக் கூடாது; கைச்சூடு பட்டால் மட்டும் மணம் எழ வேண்டும். ஒவ்வொரு கட்டையும் மனைவியிடம் கொடுத்துக் கலைக்கச் சொன்னேன். ஒன்றைக் கலைத்துக்கொண்டே இருந்தவள், "வெந்நி போடணும் போல இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?" என்றாள். நான் துள்ளிக் குதித்தேன். அவளுக்குப் புகை வாசனை என்றால் எண்ணெய்க் குளியல். கட்டு தயார்.

தேர்வு நாள். தலைவர் வேறு யாரையும் விடவில்லை. "நானே உட்கார்றேன்" என்றார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. என் கண் முன்னாடி. சோப்புப் போட்டு."

"ரஜாய் ஏதும் கொண்டு வரலையே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சோப்பைத் தாராளமாகப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் கை கழுவியதே இல்லை. குளிர்காலமானதால் மின்விசிறியும் ஓடவில்லை.

கட்டை அவரிடமே கொடுத்தேன். "திருப்தியாகற வரைக்கும் கலைங்க." சந்தேகக்காரர் நன்றாகவே கலைப்பார் என்று தெரியும். கலைத்தார். வெட்டினார். மறுபடியும் கலைத்தார். நான் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு கட்டை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

"கலைக்கச் சொன்னது எதுக்கு?"

"மனசு நிலைக்கறதுக்கு. இப்போ கண்ணை மூடிக்கோங்க. சின்ன வயசுல நீங்க இருந்த ஏதாவது ஓர் இடம். சொல்ல வேண்டாம்."

"சொல்லவே மாட்டேன்."

"ரெண்டு கையையும் இறுக்கி மூடுங்க." சூடு ஏறட்டும் என்று காத்திருந்தேன். பிறகு நிதானமாகச் சொன்னேன்: "சாயங்காலம். கூட்டம். உங்க உயரத்துக்குப் பெரியவங்க இடுப்புதான் தெரியுது. தாக் மேளம். கண் எரியுது, ஆனாலும் வீட்டுக்குப் போக மனசில்லை."

அவர் புருவம் உயர்ந்தது. கண் திறக்கவில்லை.

"கையைத் திறந்து முகர்ந்து பாருங்க."

முகர்ந்தார். ஒரு கை. மறு கை. மறுபடி முதல் கை.

"என் மாமா" என்றார். "ரெண்டு கையிலும் துனுச்சி வெச்சுக்கிட்டு ஆடுவார். பல்லால ஒண்ணைக் கடிச்சுப்பார்." பிறகு சட்டென்று கண்ணைத் திறந்து மற்றவர்களை அதட்டினார்: "என்ன நிக்கறீங்க? வந்து பாருங்கய்யா! என் கையில இருக்கு! இவர் என்னைத் தொடவே இல்லை!"

ரஜாய்க்காரர் உட்பட எல்லோரும் அவர் கையைப் பிடித்து இழுத்து மாறி மாறி முகர்ந்தார்கள். என் கையையும் முகர்ந்தார்கள். சோப்பு வாசனை.

"எப்படி?" என்றார் தலைவர்.

"மேஜை கிடைக்குமா?"

"நடு மேஜை. இப்போ சொல்லுங்க."

"நிகழ்ச்சி முடியட்டும்."

"பாஜி!" என்று திட்டினார். போக்கிரி என்று அர்த்தம். அவர் அப்படித் திட்டி நான் பார்த்ததே இல்லை.

நிகழ்ச்சியன்று மண்டபக் கதவு திறந்ததும் நடு மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. உள்ளங்கையை மூக்கருகே வைத்துக்கொண்டே மனிதர்கள் எழுந்து போனார்கள். சிலர் மேஜையைச் சுற்றி நின்று முன்பின் தெரியாதவர்களிடம் தங்கள் தெருப் பந்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து மேஜை வித்தைக்காரரே தன் ஆட்களை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார். மண்டபத்துக்காரர் மணி ஆகிவிட்டதென்று ஒவ்வொரு விளக்காக அணைத்தார். என் மேஜைக்கு மேலிருந்ததை மட்டும் விட்டுவைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நான் புகை காட்டி வைத்திருந்த இன்னொரு கட்டைப் பிரித்தேன்.