கத்தரிப் புழுவும் கான்சர் மாத்திரையும்

புற்றுநோய் வார்டு நர்ஸ் வேலையில் ஊசி குத்துவது சுலபம். வீட்டுக்குப் போன நோயாளி என்ன செய்கிறாரோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

சீசன் லீவு

தென்காசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கடையத்திலிருந்து வருகிறவர் சுடலைமுத்து அண்ணாச்சி. கத்தரி விவசாயி. நுரையீரலில் கட்டி. தினம் ஒரு மாத்திரை. நாலு மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது. அப்புறம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. அடுத்த தடவை வந்தபோது மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன், பத்து மிச்சம். பத்து நாளும் அருவியில் குளிக்கப் போனாராம். எனக்கு வந்ததே கோபம்! "மாத்திரைய ஏன் நிறுத்துனீய? குளிச்சிட்டு வந்து போட்டா என்ன?" என்று கத்தினேன். மனுஷன் நிதானமாகச் சொன்னார்: "மாத்திரை சூடு, அருவி குளிர்ச்சி. ரெண்டும் முட்டிக்கிட்டா நடுவுல நான்லா சிஸ்டர் மாட்டுவேன்!"

மறுபடி வளர்ந்தது

அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலண்டரில் கோடு போட்டு, தாளைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டுவார். ஒரு வருஷம் நன்றாகப் போனது. அடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. "அந்தப் பத்து நாளுதான் என்னயக் கெடுத்துட்டு" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று அப்படிக் கத்தியவள் நான்தானே.

டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். ஒரு நாள் விடாமல் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி ஆகும். கட்டிக்குள் எல்லா செல்லும் ஒன்றுபோல இல்லை. மருந்துக்கு அடங்குகிறவை சாகும். அடங்காத கொஞ்சம் தப்பித்து, அவையே பெருகும். அண்ணாச்சியின் சம்சாரம் பேச்சியம்மாள் சட்டென்று கேட்டார்: "ஒரே மருந்த அடிச்சு அடிச்சு நம்ம கத்தரில புழு சாவாமத் திரிஞ்சுதே, அதுதான இது? அப்ப மருந்த மாத்துங்க!"

இன்னொரு ஊசி

மாற்றுவதற்கு முன் கட்டியிலிருந்து மறுபடி ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். முதல் தடவை அந்த ஊசிக்கு வார்டையே அலற வைத்தவர், இந்தத் தடவை தானே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். முடிவு வந்தது, நல்லவேளை, அதற்கேற்ற புது மாத்திரை இருந்தது. அட்டையைக் கையில் வாங்கியதும் கேட்டார், "இதுக்கும் அது பழகிருமா சிஸ்டர்?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பழகலாம் அண்ணாச்சி. எப்பன்னு யாருக்கும் தெரியாது" என்றேன். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "சரி, அது பழகுத வரைக்கும் நான் தோட்டத்துல நிப்பேன். பழகிட்டுன்னா சொல்லுங்க, அடுத்த ஊசிக்கு வாரேன்."

எங்கள் வார்டில் ஜெயித்துவிட்டோம் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்துப் பஸ் ஏற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.