ஆடுகளுக்கு முறை பார்த்த கணினி

என் மனைவி கன்னி இன ஆடு வளர்க்கிறாள். திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் மழை ஏமாற்றினாலும் ஆடு ஏமாற்றாது என்பது அவள் கட்சி. போன ஈற்றில் ஆடும் ஏமாற்றியது. பிறந்த குட்டிகள் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் ஒவ்வொன்றாகச் செத்தன. கிடாவை அதன் மகள்களோடேயே சேர்த்திருக்கிறீர்கள் என்றார் கால்நடை மருத்துவர். கல்யாணம் என்றால் தாத்தாவுக்குத் தாத்தா வரை போய் முறை பார்க்கிற குடும்பம் எங்களுடையது. கொட்டிலில் கோட்டை விட்டுவிட்டோம். இன்னொரு ஈற்று இப்படிப் போனால் ஆடுகளை விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

அருப்புக்கோட்டையில் கணினிக் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன்தான் வழி சொன்னான். எந்த ஆட்டுக்கு யார் அப்பன், யார் ஆத்தாள் என்று பதிந்துவிட்டால், கேட்டவுடன் உறவு சொல்லும் தரவுத்தள மென்பொருள். இலவசம். ஓசி என்றாலே எனக்குச் சந்தேகம், என்ன வில்லங்கம் என்று கேட்டேன்.

"ஏலே, யாரு வேணாலும் எடுத்துக்கலாம், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சும் பாக்கலாம். இதுல வில்லங்கம் நீ மட்டுந்தான்."

நிறுவ உட்கார்ந்தேன். ஒவ்வொரு திரையும் சம்மதமா, சம்மதமா என்றது. என் கல்யாணத்தில்கூட இத்தனை தடவை கேட்கவில்லை. கடைசியில் தலைமைக் கடவுச்சொல் கேட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு, எங்கள் காதறுந்த ஆடு மூளியின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

மனைவி அக்கம்பக்கத்தில் விசாரித்து விசாரித்துச் சொல்ல, ஆடுகளின் வம்சத்தையே தமிழில் ஏற்றினேன். அணைத்தால் என்ன ஆகுமோ என்று அதுவரை கணினியை நான் அணைக்கவே இல்லை. ஆனால் மின்வாரியத்துக்கு அந்தப் பயம் கிடையாதே. எப்போதும் எங்கள் ஆடுகளோடு சேர்க்கக் கிடா கொண்டு வரும் நரிக்குடிக்காரர், மத்தியானம் வருவதாகப் போன் செய்த அன்று காலையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது, கடவுச்சொல் கேட்டுவிட்டு, மூளியைத் தெரியாது என்றது கணினி.

பெரிய எழுத்தில் அடித்தேன், சின்ன எழுத்தில் அடித்தேன். விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். கொஞ்சம் அரிசிப்பொரி விழுந்தது. கொட்டிலுக்குப் போய் மூளியின் முகத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். தோழனோ, அதைச் சரிசெய்ய வழி உண்டு, கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் வாரேன் என்றான். கிடா அதுவரை பொறுக்குமா?

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வாரவுகளுக்குச் சோறு போடணும். வாங்க வேண்டிய சாமானையாவது எழுதுங்க" என்றாள்.

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே தக்காளி என்று எழுதியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சுழியைக் கை தானாகப் போடும். அதை யாரும் எழுத்தாகக் கணக்கில் வைப்பதில்லை, வாசிப்பதும் இல்லை. மென்பொருளை நிறுவிய அன்றைக்கு, நல்ல காரியம் தொடங்குகிறோமே என்று, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி ஒரு 'உ' போட்டு, மறுபடி ஆங்கிலத்துக்கு வந்துதான் மூளியை அடித்திருக்கிறேன். திரையில் தெரிந்ததெல்லாம் கரும்புள்ளி. மனதில் நின்றது மூளி மட்டும்.

தக்காளியை விட்டுவிட்டு ஓடினேன். சுழி, பிறகு மூளி. திறந்தது.

நரிக்குடிக்காரர் வந்தபோது எங்கள் பெட்டை ஆடுகளில் செவலையும் சுட்டியும் வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தன. அதுகளை ஏன் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டார்.

"அது ரெண்டும் ஒங்க கிடாவுக்கு மக முறைண்ணே. மூளி கட்டிக்கிற முறை ஆகும்" என்றாள் மனைவி.

அவர் கிடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, தன் ஆடுகளுக்கும் இப்படிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மூளி ஈன்றபோது குட்டியைத் துடைக்க நான் சாக்குத் தேடி எடுத்து வருவதற்குள் குட்டி எழுந்து நின்று மடியை முட்டிக்கொண்டிருந்தது. அதைப் பதிய மனைவி கணினி முன் உட்கார்ந்தாள். கடவுச்சொல்லை அவள் எப்போதோ மாற்றிவிட்டாள். என்னை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னாள்.

திருப்பிக்கொண்டேன். முதல் எழுத்து மட்டும் எனக்குத் தெரியும்.