யாரும் பேசாதபோது ஓடும் கரண்ட்

நேற்று பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு விவேக் நகர் வாடகை வீடும், ஈயம் உருகும் வாசனையும் ஞாபகம் வந்தன.

அக்கா அப்போது டிப்ளமோ படித்தாள். ஒற்றை டிரான்சிஸ்டரை ஈயத்தால் பற்றவைத்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் செய்திருந்தாள். மறுநாள் காலேஜில் காட்ட வேண்டும். காலி அறையில் விளக்கு எரிந்தாலே அப்பாவுக்கு ஆகாது. வாசல் பல்பைக்கூடக் கதவு தட்டிய பிறகுதான் போடுவார். கரண்ட் அளக்க அக்கா அதில் மாட்டியிருந்த மீட்டரின் முள்ளை அவர் பார்த்தார்.

“பாட்டே ஓடல, கரண்ட் மட்டும் எதுக்கும்மா ஓடுது? வேஸ்ட்டு. அதை எடுத்துடு.”

அக்கா முறைத்துக்கொண்டே, அந்தக் கரண்ட்டை உள்ளே விடும் ரெசிஸ்டரைக் கழற்றினாள். டேப் ரெக்கார்டரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, அம்மா பாடிப் பதிவுசெய்திருந்த தாலாட்டை ஓடவிட்டாள். குரல் கிழிந்து கரகரவென்று வந்தது.

“ஐயையோ, ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கே!” என்றார் அம்மா.

“ஏன்க்கா இப்படி?” என்று கேட்டேன்.

“குரல் மேலயும் கீழயும் ஆடும்டி. டிரான்சிஸ்டர் ஒரு கதவு மாதிரி. அது மூடியே கெடந்தா கீழ ஆடுற பாதி வெளிய வராது. சும்மா இருக்கறப்பவே பாதி தொறந்திருக்கணும். அதுக்குத்தான் அந்தக் கரண்ட்டு.”

ரெசிஸ்டரைத் திரும்ப வைத்தாள். அம்மாவின் குரல் முழுதாக வந்தது.

அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓஹோ, வர்றதுக்கு முன்னாடியே தயாரா நிக்கணுமா?”

மறுநாள் இருட்டிய பிறகு நானும் அக்காவும் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பினோம். எங்கள் வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இன்னும் கதவைத் தட்டவே இல்லை.