ஏழு கிலோவும் காலி எடையும்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'கறார்' என்று சொன்னால் லாரி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். லாரி வந்து மேடையில் ஏறும். சுமையோடு ஒரு எடை, சுமையை இறக்கிவிட்டு வந்து காலி வண்டியாக ஒரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. இந்தக் கழித்தல் கணக்குதான் அவர் வாழ்க்கை. நாம் பத்து வார்த்தை பேசினால் எட்டைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்.

அவரிடம் யார் பருப்பும் வேகாது. சரக்கின் எடையைக் குறைத்துக் காட்ட, பின் டயரை மேடைக்கு வெளியே நாலு விரல் தள்ளி நிறுத்திப் பார்ப்பார்கள். காலி எடை போடும்போது மட்டும் வழியில் போகிறவனையெல்லாம் கேபினில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சீட்டுக்குள் பணத்தை மடித்து நீட்டுவார்கள். அத்தான் அந்தப் பணத்தைத் தொடாமல் பென்சிலால் தள்ளிவிட்டு, "டயரை ஏத்தி நிறுத்து" என்பார். அவ்வளவுதான். கோபம்கூடப் பட மாட்டார், அதுதான் டிரைவர்களுக்கு இன்னும் எரிச்சல்.

இவருக்கு ஒரே மகள். பள்ளி விடுமுறையில் அக்காவும் வேலைக்குப் போய்விடுவாள், பிள்ளை எடைமேடை அறையிலேயே கிடக்கும். அங்கே விளையாட என்ன இருக்கிறது? அரசு முத்திரைக் காலம் முடிந்து மூலையில் கிடந்த ரெண்டு கிலோ எடைக்கல் ஒன்றுதான். அதற்குக் கைக்குட்டையில் கவுன் கட்டி, வெள்ளைப் பெயின்டில் கண் வைத்து, 'பாப்பா' ஆக்கிக்கொண்டாள். மற்ற வீட்டில் பொம்மை காலில் விழுந்தால் சிரிப்பார்கள். இந்தப் பாப்பா விழுந்து அத்தானுக்கு ஒரு கால் நகமே போனது. இருந்தாலும் வளர்ந்து, படித்து, வேலை தேடுகிற வயதிலும் அது அவள் மேசை மேல்தான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ வரை அனுமதி. நான் பயணப் பெட்டிகள் விற்கிறவன், கடையிலிருந்து ஸ்பிரிங் தராசைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டித் தூக்கினேன். முள் இருபத்தைந்தில் நின்றது. அத்தான் பெட்டியைத் திறந்து நேராகப் பாப்பாவை எடுத்து வெளியே வைத்தார்.

"அப்பா, அது மட்டும் இருக்கட்டும்ப்பா. வேற எதையாவது எடுத்துக்கிறேன்."

"இரும்பை யாராவது பிளேன்ல தூக்கிட்டுப் போவாங்களா? அளவுன்னா அளவு."

பேச்சு முடிந்தது. விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டார்கள். சரியாக இருபது காட்டியது. "இன்னும் மூணு கிலோ வைக்கலாமே!" என்றாள் கவுன்டரில் இருந்த பெண், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. வைக்க வேண்டியது ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில், வீட்டு மேசை மேல் இருந்தது. பிள்ளை அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் போடவில்லை. போன் செய்தால் "நல்லா இருக்கீங்களாப்பா? சாப்பிட்டீங்களாப்பா?" என்று ரெண்டே கேள்வி, அப்புறம் "அம்மாகிட்ட குடுங்க." நாலு வருஷமாக இதேதான். அங்கேயே ஒருத்தரைக் கல்யாணம் செய்துகொண்டபோதும் அப்பாவுக்கு அதே ரெண்டு கேள்விதான் கிடைத்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் தராசின் ஸ்பிரிங் தளர்ந்துபோய் மூன்று கிலோ கூட்டிக் காட்டியது எனக்கு அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. தராசைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். எடை விஷயத்தில் அவரிடம் தப்பை ஒப்புக்கொள்ள எவனுக்குத் தைரியம் வரும்?

இந்த வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கா பிரசவம் பார்க்க முன்னாலேயே போய்விட்டாள். அத்தானுக்குப் பதினைந்து நாள் விடுப்புக் கிடைத்தது. மலிவான டிக்கெட், கைப்பெட்டி மட்டும்தான் கொண்டுபோகலாம். அக்கா போனில் என்னிடம், "அவ வாயைத் திறந்து கேக்க மாட்டாடா. ஆனா அந்த இரும்புப் பாப்பா இன்னும் இருக்கான்னு எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டா. இவர்கிட்ட சொல்லியிருக்கேன், கொண்டு வராரான்னு பாப்போம்" என்றாள்.

மறுநாள் காலை அத்தான் கடைக்கு வந்தார். சட்டைப் பையில் இன்ச் டேப், கையில் விமானக் கம்பெனி விதிகளை அச்செடுத்த தாள்.

"நீளம் அம்பத்தஞ்சு, அகலம் நாப்பது, கனம் இருபது சென்டிமீட்டர். ஏழு கிலோ. எடுத்துப் போடு மாப்ளே."

ஆறு பெட்டியை எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் தரையில் படுக்க வைத்து அளந்தார்.

"இதுல அம்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. அம்பத்தேழேகால் இருக்கே?"

"சக்கரத்தோட அளந்தா அப்படித்தான் அத்தான் வரும். கம்பெனிக்காரன் சக்கரத்தை விட்டுட்டு எழுதுவான்."

"டயரைக் கழட்டி வச்சுட்டா லாரியை அளக்குறாங்க?"

பெட்டி பார்க்க வந்திருந்த கணவனும் மனைவியும் இதைக் கேட்டுவிட்டுக் கையில் வைத்திருந்ததைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். வந்த வியாபாரம் போச்சு. அடுத்ததாக, தொய்வான துணிப்பெட்டி ஒன்றைக் காட்டினேன். காலி எடை ஒரு கிலோ தொள்ளாயிரம்தான். கைப்பெட்டிக்கு அதைவிட நல்லது கிடையாது. அத்தான் என் கடையில் பைகளுக்குள் உருவம் நிற்கத் திணித்திருந்த பழைய பேப்பர்களையெல்லாம் உருவி, அந்த ஒரு பெட்டிக்குள் அடைத்து, ஜிப்பை இழுத்து மூடி அளந்தார். வயிறு புடைத்து, கனம் இருபத்து நாலு ஆகியிருந்தது.

"சாப்பிட்ட பிறகு சட்டை பத்தாத கேஸ் இது. வேண்டாம்."

கடைசியில் மூலையில் மூன்று வருஷமாக விலைபோகாமல் கிடந்த ஒரு பெட்டியில் கை வைத்தார். கெட்டிப் பிளாஸ்டிக், அலுமினியச் சட்டம், நாலு பக்கமும் இரும்பு முனை. சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து அளந்தாலும் அளவு மயிரிழை பிசகவில்லை. எவ்வளவு அடைத்தாலும் வயிறு வைக்காது.

"அத்தான், அதோட காலி எடையே மூணு கிலோ இருநூறு. ஏழு கிலோல பாதி பெட்டிக்கே போயிடும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலி எடையைப் பத்தி எங்கிட்ட பேசுறியா நீ?"

கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. மூடிக்கொண்டு பில் போட்டேன். சாமானைக் குறைத்து வைப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் மத்தியானம் அவரைக் கூட்டிப்போக வீட்டுக்குப் போனேன். பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. மேசை மேல் புதிதாக வாங்கிய சமையலறைத் தராசு, பக்கத்தில் ஒரு சீட்டு. எடைமேடைச் சீட்டின் பின்பக்கத்தில், கோடு போட்டு எழுதியிருந்தார்: பாப்பா 2 கிலோ. குழந்தைத் துணி, குல்லா, சின்ன மெத்தை 1 கிலோ 800. என் துணிகள் 2 கிலோ 400. செருப்பு, சவர சாமான், மற்றவை 800 கிராம். மொத்தம் 7 கிலோ.

முதல் வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. அதற்குமேல் சீட்டை ஒழுங்காகப் படிக்கவில்லை.

"தராசு சரியா இருக்கான்னு பாப்பாவை வச்சே சரிபாத்தேன். ஒரு கிராம் பிசகல. என் பொண்ணோட பொம்மை அது" என்றார் பெருமையாக.

விமான நிலையத்தில், பெட்டி அளவு பார்க்க இரும்புக் கூண்டு ஒன்று வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் பையை அதில் முழங்காலால் அமுக்கிக்கொண்டிருந்தார். அத்தான் பெட்டியைத் தூக்கி மெதுவாக விட்டார். எந்தப் பக்கமும் இடிக்காமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கவுன்டரில் தராசில் வைத்தார்.

பத்து கிலோ இருநூறு.

"மூணு கிலோ இருநூறு அதிகமா இருக்கு சார்" என்றாள் கவுன்டர் பெண்.

அத்தான் சிரித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு தராசுக்கு முன்னால் நின்று சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். "அது பெட்டியோட காலி எடைம்மா. கழிச்சுட்டுப் பாருங்க, சரியா ஏழு."

"பெட்டி எடையைக் கழிக்க மாட்டோம் சார். எல்லாம் சேர்த்துத்தான் ஏழு."

"போன தடவை கழிச்சீங்களே! நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு பெட்டி. வீட்ல இருபத்து மூணு இருந்துது, இங்க இருபது காட்டிச்சு. காலிப் பெட்டி மூணு கிலோ. கழிச்சதாலதானே அப்படி வந்துது?"

இந்த மனுஷன் நாலு வருஷமாக இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார்! நான் கொண்டுபோன தராசு தப்புக் காட்டியிருக்கும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. ஆகவே, விமானக் கம்பெனியும் எடைமேடை மாதிரியே காலி எடையைக் கழிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"நாங்க எப்பவுமே கழிக்கிறதில்ல சார்" என்றாள் அவள், பொறுமையாக.

அத்தான் உதடு அசையக் கணக்குப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்பிரிங் அத்தான்" என்றேன். "தளந்து போயிருந்துது. எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "உன் தராசை நம்பி எம் பொண்ணோட பாப்பாவை எடுத்தேன் மாப்ளே" என்றார் சன்னமாக. செவிட்டில் ரெண்டு அறை விட்டிருந்தால் இதைவிட வலித்திருக்காது.

"சார், அதிக எடைக்குக் கட்டணம் கட்டிட்டா விட்டுருவோம்" என்றாள் அந்தப் பெண்.

"நான் கட்டுறேன்" என்று பர்ஸை எடுத்தேன்.

"உள்ளே வை. ஓவர் லோடு வச்சுக்கிட்டு, காசு தர்றேன் விட்டுருன்னு கேக்கிறவன் மூஞ்சியை இருபத்தெட்டு வருஷமா பாத்தவன் நான். அந்த மூஞ்சியை நான் வச்சுக்க மாட்டேன்."

"அப்ப ரெண்டு சட்டை, ஸ்வெட்டர் எல்லாத்தையும் மேல போட்டுக்குங்க அத்தான். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"ஆளைக் கேபின்ல ஏத்திட்டு வர்ற வேலைதான் அதுவும். தள்ளு."

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். கவுன் போட்ட எடைக்கல், வெள்ளைக் கண்ணோடு அவளையே பார்த்தது.

"சார்! இந்த இரும்பை எடுத்தாலே ரெண்டு கிலோ குறைஞ்சிருமே!"

"அது உள்ளேயே இருக்கட்டும்மா. ஏற்கனவே ஒரு தடவை எடுத்தாச்சு."

சொல்லிவிட்டுத் தன் பேன்ட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். சட்டைகள், துண்டு, ஸ்வெட்டர், செருப்பு, சவர சாமான் என்று ஒவ்வொன்றாக வந்தது. மாத்திரை அட்டையையும் பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். தன்னுடையது என்று ஒரு பனியன்கூட உள்ளே வைக்கவில்லை. மூடித் தராசில் வைத்தார். ஏழு. அவருடைய சாமான் மொத்தமும் சேர்ந்து அந்தப் பெட்டியின் காலி எடை இருந்திருக்கிறது.

"பதினஞ்சு நாளைக்கு எதை உடுத்துவீங்க அத்தான்?"

"போற இடத்துல ஆம்பளை ஒருத்தன் இருக்கான்ல? மாப்பிள்ளைகிட்ட கேட்டு வாங்கிப் போட்டுக்கிறேன்" என்று சொல்லி, நாலடி போய்த் திரும்பி வந்தார். "அந்தத் தராசைக் குப்பையில போடு. பரண்ல வச்சிருப்ப, எனக்குத் தெரியும்."

இரண்டு கையிலும் அவர் துணியை அணைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ரெண்டு நாள் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினாள். அத்தான் மாப்பிள்ளையின் மஞ்சள் டி-ஷர்ட்டில், தொடையில் இறுக்கிப் பிடிக்கிற அரைக்கால் டவுசரில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பக்கம் குழந்தை, இன்னொரு பக்கம் இரும்புப் பாப்பா. பாப்பாவுக்குப் புதுக் கவுன். மூன்று பேரில் நன்றாக உடுத்தியிருந்தது அதுதான்.

நான் போன் செய்தேன். அக்கா மகள் எடுத்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, இந்தக் கூத்தைக் கேளுங்க. வந்ததும் பாப்பாவை மேசை மேல வச்சாரு. அப்புறம் குழந்தையை வாங்கினாரு. ரெண்டு கையாலயும் ஏந்தி, கண்ணை மூடிக்கிட்டு, 'நாலு கிலோ நூறு'ன்னாரு. நேத்துதான் ஆஸ்பத்திரியில எடை போட்டோம், மூணு கிலோ எண்ணூறுன்னு சொன்னேன். உடனே, 'துணியோட தூக்குறேன்ல? காலி எடையைக் கழிக்கணும்'னு குழந்தையோட போர்வையை உருவப் போனாரு."

"நீ என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கியது.

"அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன் மாமா. 'விடுங்கப்பா, குளிருது. இங்க எதையும் கழிக்க வேணாம்'னு சொன்னேன்."