முன்பல்லின் பின்னால் ஒரு பிசிறு

என் மகளுக்கு மேல் முன்பல்லின் பின்பக்கம் சின்னக் கொம்பு மாதிரி ஒன்று முளைத்திருந்தது. ஒன்பது வயது அவளுக்கு. பேசும்போதெல்லாம் நாக்கில் குத்தும், அழுவாள். பல் டாக்டரிடம் காட்டலாம் என்று மனைவி நச்சரித்தாள். இதுக்கெல்லாம் டாக்டரா என்று எரிந்து விழுந்தேன். நான் மைன்ஸில் பிட்டர், மெஷின் பழுது பார்ப்பவன். கன்வேயர் உருளையில் பிசிறு இருந்தால் அரத்தால் ராவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற கை இது.

ஒரு நாள் பர்ஸ்ட் ஷிப்ட் முடித்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும், சின்ன அரத்தை வெந்நீரில் போட்டெடுத்து, அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ராவினேன். கொம்பு மட்டமானது. நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அவள் துள்ளினாள். சரியாகிவிடும் என்றேன். விரலால் தடவிப் பார்த்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன், மடையன்.

மூன்றாவது வாரம் காய்ச்சலோடு எழுந்தாள். மேலுதடு வீங்கி, மூக்கோரம் ஏறி, மத்தியானத்துக்குள் இடது கண் மூடிக்கொண்டது. வண்டியில் போகும்போது அவள் நெற்றி என் முதுகில் சுட்டது.

பார்த்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. அந்தக் கொம்பும் பல்தானாம். அபூர்வமாகச் சிலருக்கு முளைக்குமாம், உள்ளே உயிர் நரம்பு இருக்குமாம். அது திறந்துகொண்டதால் சீழ் பிடித்திருக்கிறது, கண்ணுக்கோ மூளைக்கோ ஏறாமல் தடுக்க வேண்டும் என்றார்.

"எப்படி உடைஞ்சுது? கீழ விழுந்திருந்தா வேர்ல விரிசல் இருக்கலாம். பல்லையே எடுக்க வேண்டி வரும்."

மகள் என்னைப் பார்த்தாள். "ஸ்கூல் பஸ்ல விழுந்துட்டேன்" என்றாள்.

கூட வந்திருந்த மனைவி தலை குனிந்துகொண்டாள். வெட்கக்கேடு, ஒரு நொடி அந்தப் பொய் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

"விழல டாக்டர். நான்தான் அரத்தால ராவினேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. கையுறை மாட்டிக்கொண்டு சீழை வடித்தார். டிரிப்ஸ் ஏறிய இரண்டு நாளும் அந்த இமையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் போய்விட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மூன்றாம் நாள் காலை கீற்றாகத் திறந்தது.

பல்லும் தப்பியது. வேருக்கு மருந்து வைக்க டாக்டரம்மா அரம் மாதிரி சொரசொரப்பான மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். மகள் அதைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, நீ வெளிய இரு."

வெளியே போய் நின்றேன்.