அண்ணனின் டிராக்டரும் ஏரிக்கரை இறக்கமும்

டிராக்டர் இருக்கையின் இடப்பக்கம் இருக்கும் அந்தச் சிறிய கைப்பிடி, இறக்கத்தில் என்ன செய்யும் என்பது அண்ணனுக்கு முன்பே தெரியுமா, அல்லது நானும் குழந்தையும் கூட வந்த அன்றுதான் தெரிந்ததா? அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்றும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நினைவு மலரில் முதலில் எழுத வேண்டியது இதுவல்ல என்று தெரியும். அண்ணி எழுதச் சொன்னது அவருடைய வாழ்க்கையை. அதையும் எழுதுகிறேன். ஆனால் இதை விட்டுவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது வடக்குப்பட்டில். நான் பிறந்த மறு ஆண்டே அப்பா காலமாகிவிட்டதால், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பிறர் கழனிகளில் ஏர் ஓட்டினார். அம்மா படுக்கையில் இருந்த நாட்களில் அவரே சமைத்து, எனக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவார். சடை எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். என்னைப் பள்ளியிறுதி வகுப்பு வரை படிக்க வைத்தது அவர்தான். யாரையும் கடிந்து பேசியதில்லை என்று எழுதினால் பொய்யாகும். கலப்பையைச் சேற்றோடு போட்டுவிட்டுப் போகிறவர்களை நன்றாகவே திட்டுவார்.

வெளியூர்ப் பண்ணை ஒன்று கழித்துப்போட்ட பழைய அயல்நாட்டு டிராக்டரை வாங்கி வந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் பிரித்துப் பூட்டி ஓடவைத்தார். கியர் பெட்டியையும் திறந்தார் என்று எனக்கு ஞாபகம். அதைத் தொடவே இல்லை என்கிறார் அண்ணி. திறந்திருந்தால் அந்தக் கைப்பிடி வேலை செய்யும் விதம் அப்போதே தெரிந்திருக்கும்.

மற்ற டிராக்டர்களில் கியர் மாற்ற, கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். சேற்றில் நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும். இந்த வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் போதும். கைப்பிடி முன்னால் இருக்கும்போது என்ஜினின் சுழற்சி நேராகக் கியர் பெட்டிக்குப் போகிறது. பின்னால் இழுத்தால், நடுவில் உள்ள சிறு பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றிப் போகிறது. என்ஜின் அதே வேகத்தில்தான் ஓடும். பின்சக்கரத்தின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், அதற்கு ஈடாக இழுக்கும் பலம் கூடும். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் அண்ணனை உழவுக்குக் கூப்பிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்குத் திருமணமான புதிதில், தண்டலத்துக்காரரான என் கணவருக்கும் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

அண்ணன் மறைவதற்கு ஏழு மாதம் முன்பு, தை அறுப்பின்போது, கழனிக்குச் சோறு கொண்டுபோய்விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் டிரெய்லர் நிறைய ஈர நெல் மூட்டையோடு வந்தார்.

"வெயில்ல ஏன் நடக்கிற? ஏறிக் குந்து பாப்பா" என்று பின்சக்கரத்தின் மேலிருக்கும் மட்கார்டைக் காட்டினார்.

ஏரிக்கரை ஏற்றத்தில் என்ஜின் முக்கியது. கைப்பிடியை இழுத்தார். நிற்காமல் வண்டி நிதானமாக ஏறியது.

"பாத்தியா? இழுத்தா சொன்ன பேச்சு கேக்குது. உன் வூட்டுக்காரருக்கும் இப்டி ஒரு லிவர் இருந்தா உனக்கு எவ்ளோ சுகம்" என்று சிரித்தார்.

கரையின் உச்சிக்கு வந்தோம். மறுபக்கம் செங்குத்தான இறக்கம், கீழே மதகு. அவர் கை கைப்பிடியின் மேல் இருந்தது. முன்னால் தள்ளப் போனாரா, சும்மா வைத்திருந்தாரா, எனக்குத் தெரியவில்லை.

"மெதுவா போ அண்ணா. கொழந்தை கீது" என்றேன்.

"சரி, மெதுவாவே போலாம்" என்று கையை எடுத்துவிட்டார்.

பாதி இறக்கத்தில் என்ஜின் சத்தம் அடங்கியது. ஆனால் வண்டியின் வேகம் கூடியது. சத்தம் குறையும்போது வேகம் எப்படிக் கூடுகிறது என்று புரியாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அண்ணன் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார். பிடிக்கவில்லை. மூட்டைப் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. மதகின் சுவர் கிட்டே வந்துகொண்டிருந்தபோது கைப்பிடியை முன்னால் தள்ளினார். வண்டி தூக்கிப்போட்டது. என்ஜின் அலறியது. வேகம் தணிந்து, மதகைத் தாண்டிச் சமநிலத்தில் போய் நின்றோம். குழந்தை விழிக்கவே இல்லை.

பீடியைப் பற்றவைக்க அண்ணனுக்கு மூன்று தீக்குச்சி ஆனது. பிறகு சொன்னார்: "சைக்கிள்ல எறங்கசொல்லோ மிதிக்காம வுட்டா இன்னா ஆவுது? பெடல் சும்மா நிக்கிது, சக்கரம் பாட்டுக்கு ஓடுது. லிவர் பின்னால இருந்தா இதுவும் அப்டித்தான். என்ஜின் சக்கரத்தத் தள்ளும், ஆனா புடிச்சி நிறுத்தாது. எறக்கத்துல முன்னால தள்ளிடணும். வூட்ல சொல்லிடாதே, உங்க அண்ணி என்னை வண்டியத் தொடவே வுட மாட்டா."

இவ்வளவு தெளிவாகச் சொன்னவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. அப்படியானால் நான் "மெதுவா" என்றதால்தான் அவர் கையை எடுத்தார். பீடிக்கு மூன்று தீக்குச்சி ஆனதை நினைத்தால், அவருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று தோன்றுகிறது. அவர் கேட்டுக்கொண்டபடி நான் யாரிடமும் சொல்லவில்லை. அது சரியா என்றும் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு காலை, கழனிக்குப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்ரீபெரும்புதூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் கார் கொடுத்தவருக்கும், காரியம் முடியும்வரை அண்ணியைத் தனியே விடாத பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், அடுத்து வந்த மழையில் ஏரிக்கரை உடைந்தபோது தலையில் மூட்டை சுமந்து எங்கள் நெல்லைக் கரையேற்றியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த மழையில் கரை உடைந்ததால் டிராக்டர் ஓராண்டாகக் கழனி உழுதது, கரை ஏறவில்லை. இப்போது கரையைச் செப்பனிட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் அறுப்பு. ஓட்டப்போகிறவர் என் கணவர். எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார், அவளும் அப்பாவோடு போகத்தான் அழுவாள்.

இனியும் மறைக்கக்கூடாது என்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எறக்கத்துல லிவரை இழுத்துக்கோன்னு உங்க அண்ணன்தான் எனக்கு சொன்னாரு. மட்கார்டுல குந்திகினு வந்தவ எனக்கு வண்டி சொல்லித் தர்றியா?" என்றார்.

"அதுக்கப்புறம் மாத்திச் சொல்லலையா, ஏங்க?"

"ஒண்ணும் சொல்லல."

கற்றுக்கொடுத்தபோது அண்ணனுக்கே தெரியாது போலிருக்கிறது; அந்தத் தை அறுப்புக்குள் எப்போதாவது தெரிந்துகொண்டாரா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நான் விடாமல் கேட்டதால், வெறும் டிராக்டரைச் சிறு மேட்டிலிருந்து கைப்பிடியை இழுத்தபடியே இறக்கிக் காட்டினார். அது ஆடி அசைந்து மெதுவாகத்தான் வந்தது. "போதுமா?" என்றார். பின்னால் பாரம் இல்லை, மேடும் சிறியது; வேறெப்படி வரும்? லாரி மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "ஏறுன கியர்லயே எறங்கணும்மா. இது இன்னா பெரிய விசயம்?" என்றார். லாரிக்கு அது சரிதான். இந்த வண்டி லாரி அல்ல என்று அவருக்கு எப்படி விளக்குவது?

அண்ணியிடமும் சொன்னேன். "செத்துப் பூட்ட மனுசன் தப்பா சொல்லிக் குடுத்தாருன்னு வருசத் திதியில எழுதப் போறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு வெளியே வந்து, "எழுது. நாளைக்கு எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது" என்றார். அண்ணனைக் குறைகூற இதை எழுதவில்லை. உயிரோடிருந்தால் அவரே என் கணவரிடம் திருத்திச் சொல்லியிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது என் கணவர் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார், நீல நிறச் சட்டை. இப்படிப்பட்ட வண்டியைப் பாரத்தோடு இறக்கிப் பழகியவர்கள் உங்களில் இருந்தால், அவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். ஆண்கள் சொன்னால் கேட்பார். நான் நினைப்பது தவறென்றால் என்னிடம் சொல்லுங்கள், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையை அறுப்பன்று வீட்டில் நிறுத்திவைக்க என்ன காரணம் சொல்லலாம் என்று தாய்மார்களும் சொல்லுங்கள். எதுவானாலும் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் சொல்லிவிடுங்கள்.